பெரிய எஸ்யூவி ஸ்னோவில நிக்குதில்லை: பிரேக்கா, ரயரா?

வடமராட்சியான் (ஸ்காபறோ) | திங்கள் இரவு 9:10

வணக்கம் உறவுகளே. அம்மா அப்பா எங்களோட வந்து இருக்கத் தொடங்கினாப்பிறகு பழைய கார் காணாது எண்டு, எட்டுப்பேர் இருக்கக்கூடிய பெரிய எஸ்யூவி ஒண்டு எடுத்தனாங்கள். பாவிச்ச வண்டி. நாலு சில்லும் இழுக்கும். 20 அங்குலச் சில்லு, 275/55ஆர்20 ஓல்-சீசன் ரயர்.

போன கிழமை ஸ்னோ கொட்டின அண்டைக்கு மோர்ணிங்சைட்டில ஹைலண்ட் கிறீக் பள்ளத்துக்குள்ள இறங்கிக்கொண்டிருந்தனாங்கள். வேகம் 45 அளவு இருக்கும். கீழ வாகனங்கள் நிரையா நிக்கிறதைக் கண்டு பிரேக்கை மிதிச்சன். காலுக்குக் கீழ மிதி கடகடவெண்டு அதிருது, அடியில ஏதோ அரைபடுற சத்தம், வண்டி மட்டும் தன்ர பாட்டில இறங்குது. வலப்பக்க லேன் வெறுமையா இருந்தபடியால் அதுக்குள்ள திருப்பித் தப்பினம். பின்னுக்கு பிள்ளையள், அம்மா எல்லாரும் இருந்தவை.

ஒரு கராஜில காட்டினால், பிரேக் பாட், டிஸ்க் எல்லாம் மாத்தவேணும் எண்டு பெரிய தொகை சொல்லுறாங்கள். வேலையிடத்தில என்னண்டால், "இரண்டரைத் தொன் பாரம், நாலு சில்லு இழுவை, உனக்கு வின்ரர் ரயரே தேவையில்லை" எண்டு சொல்லுகினம். பாரமான வண்டி நிலத்தை நல்லா அமத்திப் பிடிக்கும் எண்டுதான் நானும் கேள்விப்பட்டது. அப்ப ஏன் நிக்கேல்லை? விசயம் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

சில்லுக்காரன் (ஸ்காபறோ) | திங்கள் இரவு 9:34

அண்ணை, ஒரு சதமும் குடுக்காதேங்கோ. கொஞ்சம் பொறுங்கோ.

மிதி அதிர்ந்ததும் அரைபட்ட சத்தமும் ஏபிஎஸ் (சில்லு பூட்டாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற அமைப்பு) வேலை செய்த அடையாளம். ஏபிஎஸ் எப்ப வேலை செய்யும்? பிரேக் சில்லை இறுக்கிப் பூட்டப்போற அளவுக்குப் பிடிச்சால்தான். பிரேக் அறவே பலமில்லாமல் போயிருந்தால் சில்லு பூட்டுற கட்டத்துக்கே வந்திராது. உங்கட பிரேக் தன்ர வேலையைச் செய்திட்டுது. ரயருக்கும் ரோட்டுக்கும் இடையிலதான் பிடி இல்லை.

ரெண்டு விசயம் பாத்துச் சொல்லுங்கோ. ரயரில வெட்டு எத்தினை மில்லிமீற்றர் ஆழம்? பக்கச்சுவரில டொட் எண்டு தொடங்கிற எழுத்துகளின்ர முடிவில நாலு இலக்கம் இருக்கும், அது என்ன? அதோட, மூண்டு முனை உள்ள மலைக்குள்ள ஸ்னோப் பூ போட்ட படம் இருக்கோ எண்டும் பாருங்கோ.

வடமராட்சியான் | திங்கள் இரவு 10:02

டோர்ச் லைற்றோட போய்ப் பாத்தன். ஆழம் 4 மில்லிமீற்றர், ஒரு பக்கம் கொஞ்சம் குறைவு. இலக்கம் 3817. மலைப்படம் இல்லை. எம்+எஸ் எண்டு போட்டிருக்கு. அது மட் அண்ட் ஸ்னோ தானே? அப்ப ஸ்னோவுக்குச் சரியான ரயர் தானே?

சில்லுக்காரன் | திங்கள் இரவு 10:41

இதில கனபேர் ஏமாறுகினம் அண்ணை, விளக்கமாச் சொல்லுறன்.

எம்+எஸ் எண்டது ரயரின்ர வெட்டு வடிவத்தைப் பாத்துப் போடுற குறி. இடைவெளி இவ்வளவு இருந்தால் போடலாம், அவ்வளவுதான். ஸ்னோவில ஓட்டிப் பாத்துக் குடுக்கிறதில்லை. மலைப்படம் அப்படியில்லை. மிதிச்சு இறுக்கின ஸ்னோவில இழுவையை அளந்து, ஒப்பீட்டு ரயரை விடக் குறிப்பிட்ட அளவு கூட இழுத்தால்தான் அந்தப் படம் கிடைக்கும். ஆனால் அந்தச் சோதனையும் இழுவைக்குத்தான். பிரேக் பிடிச்சு நிக்கிறதையோ, ஐஸில எப்படி எண்டதையோ அது அளக்கிறதில்லை. அதால மலைப்படம் உள்ள ரயர் எல்லாம் ஒரே தரம் எண்டும் நினைக்காதேங்கோ.

3817 எண்டால் 2017ஆம் ஆண்டு 38ஆவது கிழமை செய்தது. ரப்பர் வயசு போகப் போக இறுகும். அதுக்கு மேல, ஓல்-சீசன் ரப்பர் 7 பாகைக்குக் கீழ போகேக்கையே இறுகத் தொடங்கிவிடும். மைனஸ் 15இல வெளியில கிடந்த பாட்டாச் செருப்பை மடிச்சுப் பாருங்கோ, விளங்கும். வின்ரர் ரயரின்ர ரப்பர் அந்தக் குளிரிலயும் மெத்தெண்டு இருக்கிற மாதிரிக் கலந்தது. கட்டைகளில கத்தியால கீறின மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். பிரேக் பிடிக்கேக்கை அந்த வெட்டுகள் விரிஞ்சு, ஒவ்வொரு விளிம்பும் ஐஸைச் சுரண்டிப் பிடிக்கும். இடையில அடைபடுற ஸ்னோவும் உதவி. ஸ்னோவோட ஸ்னோ நல்லா ஒட்டும்.

ஒன்ராறியோச் சட்டத்துக்கு 1.5 மில்லிமீற்றர் இருந்தால் போதும். ஆனால் 4 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்த ரயரை ஸ்னோ மூடின ரோட்டில பாவிக்கவேண்டாம் எண்டு ட்ரான்ஸ்போர்ட் கனடாவே சொல்லுது. உங்கட ரயர் அந்தக் கோட்டில நிக்குது.

பிரம்ரன்வாசி | செவ்வாய் காலை 7:15

இதெல்லாம் கடைக்காரற்ற வியாபாரம். வின்ரர் ரயர் எண்டு ஒண்டு முந்தி யாருக்குத் தெரியும்? நான் நாலு சில்லு இழுவை வண்டியில ஓல்-சீசனோட பல வின்ரர் ஓடியிருக்கிறன், ஒரு கீறல் இல்லை. பார வண்டி தெப்பெண்டு நிலத்தில இருக்கும், சின்னக் கார்தான் மிதக்கும். மெதுவா ஓடினால் எந்த ரயரும் போதும்.

சில்லுக்காரன் | செவ்வாய் காலை 7:50

முந்தித் தெரியாதோ? பின்லாந்தில நோக்கியன் கொம்பனி 1934இலயே லொறிக்கு வின்ரர் ரயர் செய்தது. ரெண்டு வருசத்தில காருக்கும் ஹக்காபெலிட்டா எண்டு கொண்டுவந்தது, அந்தப் பெயரில இண்டைக்கும் விக்குது. மெதுவா ஓடவேணும் எண்டதில எனக்கும் உங்களுக்கும் ஒரே கருத்து.

பௌதிக வாத்தியார் (மார்க்கம்) | செவ்வாய் மாலை 5:20

பாரக் கணக்கை ஒருக்கால் சரியாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த நம்பிக்கைதான் ஆட்களை வேகமாக ஓட வைக்கிறது.

பாரம் கூடினால் ரயர் நிலத்தை அமத்துகிற விசை கூடும், உராய்வும் கூடும். அதுவரை பிரம்ரன் தம்பி சொல்வது சரி. ஆனால் நிறுத்தவேண்டிய திணிவும் அதே விகிதத்தில் கூடுகிறது. இரண்டும் வெட்டுப்பட்டுப் போகும். நிற்கும் தூரம் என்பது வேகத்தின் (செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்ற கணக்கில்) வர்க்கத்தை, உராய்வுக் குணகத்தின் இருமடங்காலும் 9.8ஆலும் வகுத்தால் வருவது. அதில் திணிவுக்கு இடமே இல்லை. உண்மையில் பார வண்டிக்குச் சற்றுப் பாதகம்தான்: ரயரில் சுமை ஏற ஏற, அந்தச் சுமைக்கு ஏற்ற முழுப் பிடியும் கிடைக்காது, கொஞ்சம் குறைந்தே கிடைக்கும்.

குணகம் உலர்ந்த தார் ரோட்டில் 0.7 அளவு, மிதிபட்டு இறுகின ஸ்னோவில் 0.2 அளவு, ஐஸில் 0.1 அளவு என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடித்தால் உலர் ரோட்டில் 14 மீற்றர், ஸ்னோவில் 49 மீற்றர், ஐஸில் 98 மீற்றர். கண் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்றால், அதற்குள்ளேயே 21 மீற்றர் போய்விடும். அதையும் கூட்டுங்கள்.

இந்தக் குணகத்தை மாற்றக்கூடிய ஒரே உறுப்பு ரயர். 0.2ஐ 0.3 ஆக்க முடிந்தால் 49 மீற்றர் 33 ஆகிறது. வேகத்தை 50இலிருந்து 35 ஆகக் குறைத்தால் 49 மீற்றர் 24 ஆகிறது. இரண்டையும் செய்தால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

வடமராட்சியான் இறங்கினது பள்ளம். அங்கே ஈர்ப்பு பிரேக்குக்கு எதிராக நிற்கிறது. 6 சதவீதச் சரிவு என்றால் குணகத்திலிருந்து 0.06ஐக் கழியுங்கள். 45 கிலோமீற்றர் வேகத்தில், சமதரை ஸ்னோவில் 40 மீற்றரில் நிற்கிற வண்டி அந்தச் சரிவில் 57 மீற்றர் எடுக்கும். ஐஸ் என்றால் 80 மீற்றர் 200 ஆகும். 10 சதவீதச் சரிவில், 0.1 குணகத்தில், பிரேக் முழுக்க மிதித்தாலும் வண்டி நிற்காது. பிரேக் எவ்வளவு புதிது என்பது அங்கே கணக்கிலேயே வராது.

நாலு சில்லு இழுவை பற்றியும் ஒரு சொல். எந்தக் காருக்கும் பிரேக் நாலு சில்லிலும்தான் இருக்கிறது. இழுவை கூடினால் புறப்படலாம், ஏறலாம். நிறுத்துவதில் பக்கத்து வீட்டுச் சின்னக் காரை விட உங்களுக்கு எந்த மேலதிக வசதியும் இல்லை. உங்கள் வண்டி வழுக்காமல் புறப்படுவதால் ரோட்டு எவ்வளவு வழுக்குகிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகிறது. முதல் பிரேக்கில்தான் தெரியவருகிறது.

மோதினால் திணிவு திரும்ப வந்துவிடும். 2,600 கிலோ வண்டி, அதே வேகத்தில் வரும் 1,300 கிலோ காரை விட இருமடங்கு சக்தியோடு எதிரில் நிற்பவரில் இடிக்கும். பெரிய வண்டி ஓடுகிறவர்களுக்கு இந்தப் பொறுப்பு கூடுதலாக இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மொன்றியல்_உறவு | செவ்வாய் இரவு 8:05

எங்கட கியூபெக்கில இந்த விவாதமே இல்லை. 2008 வின்ரரிலயிருந்து சட்டம். முதல்ல டிசம்பர் 15 தொடக்கம், 2019இலயிருந்து டிசம்பர் 1 தொடக்கம், மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். 2014 டிசம்பருக்குப் பிறகு மலைப்படம் இல்லாத ரயர் செல்லாது, ஆணி அடிச்ச ரயருக்கு மட்டும் விலக்கு. எம்+எஸ் மட்டும் இருந்தால் 200 டொலருக்குக் குறையாமல் தண்டம். ஒன்ராறியோவில கட்டாயம் இல்லை, ஆனால் 2016 ஜனவரி தொடக்கம் வின்ரர் ரயருக்கு இன்சூரன்ஸ் கொம்பனிகள் கழிவு குடுக்கவேணும். அண்ணை, ரயர் போட்டோடன போன் பண்ணிக் கேளுங்கோ, கேட்காட்டில் அவையளாப் போடமாட்டினம்.

பனிமலர் (பரி) | செவ்வாய் இரவு 11:48

நான் நேர்ஸ். இரவு வேலை முடிச்சு, ரோட்டுத் துடைக்க முதல் வீட்டை போறனான். ஒரு சந்தேகம். லைசன்ஸ் எடுக்கேக்கை பழக்கினவர், ஸ்னோவில பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கவேணும் எண்டு சொன்னவர். ஏபிஎஸ் அடிக்கேக்கையும் அப்பிடித்தானோ? மிதி அதிருற நேரம் பயத்தில காலை எடுக்கத்தான் வருது.

401_லொறி | புதன் அதிகாலை 4:30

தங்கச்சி, காலை எடுக்காதேங்கோ. விட்டு விட்டு மிதிக்கிறது ஏபிஎஸ் இல்லாத வண்டிக்குச் சொன்ன முறை. 1978இல பென்ஸ் எஸ் கிளாஸில ஏபிஎஸ் வந்து, பிறகு எல்லாக் காருக்கும் பரவிட்டுது. நீங்கள் காலால செய்யிறதை அது செக்கனுக்குப் பல தரம், ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாச் செய்யும். பலமா மிதிச்சு, அப்பிடியே வைச்சிருங்கோ. அதிரட்டும், சத்தம் போடட்டும்.

ஏபிஎஸ் இருக்கிறது முக்கியமாத் திருப்பிறதுக்கு. வடமராட்சியான் அண்ணை பக்கத்து லேனுக்குள்ள திரும்பினவரெல்லே, சில்லு பூட்டியிருந்தால் ஸ்ரியரிங்கை எங்க திருப்பினாலும் வண்டி நேராத்தான் போயிருக்கும். ஆனால் ஏபிஎஸ் எல்லா இடத்திலயும் தூரத்தைக் குறைக்கும் எண்டு நம்பாதேங்கோ. இளகின ஆழமான ஸ்னோவில பூட்டின சில்லு முன்னுக்கு ஸ்னோவைக் குவிச்சு நிப்பாட்டும், ஏபிஎஸ் உருட்டிக்கொண்டு போறதால தூரம் கூடவும் செய்யும். இடைவெளி விடுறதைத் தவிர அதுக்கு மருந்தில்லை.

ரயரில இருக்கிற பிடி ஒரு அளவுதான். அதைப் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பங்கு போடவேணும். வளைவுக்குள்ள போய்ப் பிரேக் பிடிச்சால் ரெண்டுக்கும் காணாது. நேரா இருக்கேக்கையே வேகத்தைக் குறைச்சு, காலை எடுத்துவிட்டு வளையுங்கோ. பெரிய எஸ்யூவிக்கு இது இன்னும் முக்கியம். உயரமான வண்டி பக்கவாட்டில சறுக்கி நடைபாதைக் கட்டில சில்லு தட்டினால் புரளும்.

நீங்கள் பரி எண்டபடியால் சொல்லுறன். 400 நெடுஞ்சாலையில ஜோர்ஜியன் பேயிலயிருந்து வாற ஸ்னோ ஸ்குவோல் (திடீரெண்டு வீசுற ஸ்னோப் புயல்), வெளிச்ச வானத்தில ஓடிக்கொண்டிருக்கேக்கை வெள்ளைச் சுவர் மாதிரி வரும். 2014 பெப்ரவரியில அந்தப் பக்கம் ஏறக்குறைய நூறு வாகனம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அடிபட்டது. சுவரைக் கண்டால் உள்ள போக முதல் வேகத்தைக் குறையுங்கோ. உள்ள போய்ப் பிரேக் பிடிச்சால் பின்னுக்கு வாறவனுக்கு நீங்கள் தெரியமாட்டியள்.

பாலங்களில கவனம். கீழயும் காத்து அடிக்கிறதால மற்ற ரோட்டு ஈரமா இருக்கேக்கையே பாலம் உறைஞ்சிரும். கண்ணாடி துடைக்கிறவை வண்டியின்ர உச்சியில கிடக்கிற ஸ்னோவைத் துடைக்கிறதில்லை, அதுவும் பெரிய எஸ்யூவிக்குக் கை எட்டாது எண்டு அப்பிடியே விடுகினம். உள்ள ஹீற்றர் சூட்டில அடித்தட்டு இளகி நிக்கும். பிரேக் பிடிச்ச உடன அந்த ஒரு அடி ஸ்னோ முழுக்க முன் கண்ணாடியில வந்து விழும், வைப்பரும் தூக்காது. நீட்டுப் பிடி போட்ட தும்புத்தடி ஒண்டு வண்டிக்குள்ள வைச்சிருங்கோ.

கோவை2கல்கரி | புதன் காலை 10:10

நல்ல இழை. ஆல்பர்ட்டா அனுபவத்துல ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

நம்ம ஊர்லேர்ந்து வர்றவங்க மைனஸ் 25ன்னா ரோடு ரொம்ப வழுக்கும், மைனஸ் 1ன்னா பரவாயில்லைன்னு நினைக்கிறாங்க. ஐஸ் விஷயத்துல அது தலைகீழ். பூஜ்யத்துக்குப் பக்கத்துல ஐஸ் மேல ஈரம் நிக்கும், அப்பதான் பிடியே இருக்காது. இங்க சினூக்ங்கிற சூடான காத்து அடிச்சா மதியம் எல்லாம் உருகி ஓடும், சாயங்காலம் திரும்ப உறையும். அந்த நேரத்துல சிக்னல் பக்கத்துலதான் மோசம். எல்லா வண்டியும் அங்கயே பிரேக் போட்டு, சக்கரம் சுத்தி, ஐஸைக் கண்ணாடி மாதிரி தேய்ச்சு வச்சிருக்கும். ரொம்ப குளிர்ல வேற பிரச்சினை: மைனஸ் 12க்குக் கீழ போனா உப்பு சரியா வேலை செய்யாது, மணல்தான் தூவுவாங்க.

ரெண்டாவது, என்ஜின் பிரேக். இறக்கத்துல கியரைக் குறைச்சு இறங்குறது நல்லதுதான். ஆனா பெரிய எஸ்யூவிகள் சிலதுல 2ஹெச், ஆட்டோ, 4ஹெச்னு தேர்வு இருக்கும். 2ஹெச்ல இருந்தா என்ஜின் பிரேக் பின் சக்கரம் ரெண்டுல மட்டும் விழும், ஐஸ்ல பின்பக்கம் சுத்திடும். 4ஹெச்ல போட்டா நாலுக்கும் பிரியும். காய்ஞ்ச ரோடு வந்ததும் மறக்காம மாத்திடுங்க, இல்லாட்டி திருப்பத்துல கியர் எல்லாம் முறுக்கிக்கும். எலக்ட்ரிக் வண்டி வச்சிருக்கிறவங்க, காலை எடுத்ததும் இழுத்துப் பிடிக்கிற ரீஜெனை வழுக்குற ரோட்டுல குறைச்சு வச்சுக்கங்க.

பிரம்ரன்வாசி | புதன் மாலை 6:25

வாத்தியார், பாரக் கணக்கு விளங்குது. ஆனாலும் நான் பிரம்ரனுக்குள்ள மட்டும் ஓடுறனான், ரோட்டு உடன துடைச்சு உப்புப் போடுவாங்கள். வருசத்தில ரெண்டு தரம் ரயர் மாத்துற செலவும், அதை வைக்க இடமும் எல்லாருக்கும் இல்லை. அப்பார்ட்மென்ரில இருக்கிறவை எங்க வைக்கிறது? முன்னுக்கு ரெண்டு மட்டும் வின்ரர் ரயர் போட்டால் என்ன?

சில்லுக்காரன் | புதன் இரவு 9:15

ரெண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். முன் ரயர் பிடிக்கும், பின் ரயர் பிடிக்காது. பிரேக் பிடிச்சு வளையேக்கை பின்பக்கம் முன்னுக்கு வந்திரும். ஸ்ரெபிலிற்றி கொன்றோல் (வண்டி சறுக்கிச் சுத்தாமல் பிடிக்கிற அமைப்பு) 2011 செப்டெம்பருக்குப் பிறகு செய்த கார், எஸ்யூவி எல்லாத்திலயும் கனடாவில கட்டாயம் இருக்கு, ஆனால் அதுவும் ரயரின்ர பிடியை வைச்சுத்தான் வேலை செய்யும், இல்லாத பிடியை அது உண்டாக்காது.

இடம் இல்லாதவைக்கு ஓல்-வெதர் எண்டு இருக்கு. ஓல்-சீசன் வேற, ஓல்-வெதர் வேற. மிஷலின் குரொஸ்கிளைமற் 2, ரோயோ செல்சியஸ் மாதிரி. மலைப்படம் இருக்கும், வருசம் முழுக்க ஓடலாம். துடைச்ச சிற்றி ரோட்டுக்கு உங்களுக்கு அது காணும். ஐஸில பிளிஸாக், எக்ஸ்-ஐஸ் மாதிரி முழு வின்ரர் ரயருக்கு நிகர் இல்லை. பனிமலர் அக்கா மாதிரி 400இல விடியக் காலமை ஓடுறவைக்கு நான் அதைச் சொல்லமாட்டன்.

வடமராட்சியான் அண்ணை, உங்களுக்கு 20 அங்குலத்தில வாங்கவேண்டாம், விலை கூட. 265/65ஆர்18 பாருங்கோ. சுத்தளவு உங்கட 275/55ஆர்20ஐ விட ஒரு சதவீதம் அளவுதான் குறைவு, ஸ்பீடோமீற்றர் பெரிசா மாறாது. அகலம் கொஞ்சம் குறைவு, அதுவும் நல்லதுதான். ஒடுக்கமான ரயர் ஸ்னோவையும் சேற்றையும் கிழிச்சுக் கீழ போகும். சுவர் உயரம் கூட எண்டபடியால் குழியில விழுந்தால் ரிம் தப்பும். வாங்க முதல் அந்த ரிம் உங்கட முன் பிரேக் கலிப்பரில (பாட்டை அமத்திப் பிடிக்கிற பாகம்) முட்டாதோ எண்டு ஒருக்கால் போட்டுப் பாக்கவேணும். ரிம்மோட சேத்து வைச்சிருந்தால் ஒவ்வொரு முறையும் ரயரைக் கழட்டிப் பூட்டுற கூலி மிச்சம். சுமை இலக்கத்தையும் பாருங்கோ, கதவுச் சட்டத்தில ஒட்டியிருக்கிற தாளில உள்ளதுக்குக் குறையக்கூடாது. எட்டுப்பேர் ஏறுற வண்டி.

வடமராட்சியான் | வெள்ளி இரவு 8:40

எல்லாருக்கும் நன்றி. வேற இடத்தில பிரேக்கைக் கழட்டி அளந்து காட்டினவை. பாட் 7 மில்லிமீற்றர் இருக்கு, டிஸ்க்கும் சுகம். பின்பக்கக் கலிப்பர் ஓடுற கம்பி மட்டும் உப்பில இறுகியிருந்தது, துடைச்சுக் கிறீஸ் போட்டுவிட்டினம். 265/65ஆர்18 நாலும் ரிம்மோட சொல்லியாச்சு, நாளைக்குப் பூட்டுறது. அம்மா, "இனி அந்தப் பள்ளத்தால போகாதை" எண்டு நிக்கிறா, சுத்துப் பாதையாலதான் போறம்.

கடைசிக் கேள்வி: காத்து எவ்வளவு அடிக்கிறது? வழுக்கிற ரோட்டுக்குக் கொஞ்சம் குறைச்சு விடவேணும் எண்டு ஒருத்தர் சொன்னார்.

சில்லுக்காரன் | வெள்ளி இரவு 9:05

குறைக்காதேங்கோ. கதவுச் சட்டத் தாளில இருக்கிற அளவுதான், ஆனால் அது குளிர்ந்த ரயருக்குச் சொன்ன அளவு. வெப்பநிலை 5, 6 பாகை இறங்க ஒரு பிஎஸ்ஐ குறையும். 20 பாகைச் சூட்டில இருக்கிற கராஜுக்குள்ள 35 அடிச்சால், அடுத்த நாள் மைனஸ் 15இல வெளியில 29தான் நிக்கும். அதால விடியக் காலமை ஓட முதல் வெளியில வைச்சு அளந்து அடியுங்கோ.

80 கிலோமீற்றர் ஓடினாப்பிறகு நட்டெல்லாம் ஒருக்கால் ரோர்க் ரென்ச்சால திரும்ப இறுக்குவியுங்கோ. அலோய் ரிம் புதுசாப் பூட்டினால் கட்டாயம்.

பனிமலர் | வெள்ளி இரவு 11:20

தும்புத்தடி வாங்கிட்டன் அண்ணை, நீட்டுப்பிடி போட்டது. இண்டைக்குக் காலமை வெறும் பார்க்கிங்கில 30இல ஓடி, பிரேக்கை முழுக்க மிதிச்சு வைச்சிருந்து பாத்தன். கால் அதிருது, ஆனால் திருப்பத் திரும்புது. நாளைக்கு என்னோட வேலை செய்யிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டப்போறன்.